எக்ஸ்ரே ஐயாவின் வெள்ளிக் கடதாசி

பதுளையில் ஒரு காலத்தில் எடுத்த அடையாள அட்டைப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். ஆணும் பெண்ணும் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை விரித்து, யாருடனோ வழக்குக்குப் போகிறவர்களைப் போல இருப்பார்கள். அவர்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. படம் எடுத்தவர் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர். கையில் கமரா வந்த பிறகும் பழைய வாய் சும்மா இருக்கவில்லை.

"மூச்சை நல்லா இழுங்கோ. பிடியுங்கோ. அசையாதேங்கோ. ஆ, இப்ப விடுங்கோ."

விட்ட பிறகு எல்லாருடைய முகமும் பழையபடி நன்றாகத்தான் ஆகிவிடும். ஆனால் படம் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டிருக்கும்.

எங்களுக்கு அவர் எக்ஸ்ரே ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். உத்தியோகத்துக்கு வந்த ஊரிலேயே தங்கிவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கீழே பாண் வேகும் வாசனை, மேலே பிரிண்டர் மை வாசனை. சுவரில், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டி ஒன்று. அடித்து முடித்த ஒவ்வொரு படத்தையும் அதில் செருகி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். கடதாசிப் படத்துக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரும் எதையும் தேடிய மாதிரி இல்லை. கை பழகிவிட்டது.

அவரிடம் போய் "எனக்கு இன்ன கடதாசியில் அடித்துக் கொடுங்கள்" என்று சொல்ல முடியாது. சொன்னால், ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பெயர் சொல்லிக் கேட்ட நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். முதலில் விசாரணை நடக்கும். படத்தை எங்கே கொழுவப் போகிறீர்கள்? ஜன்னல் எந்தப் பக்கம்? அடுப்பு எத்தனை அடி தூரம்? பார்க்கப்போகிறவர்கள் நின்று பார்ப்பார்களா, உட்கார்ந்து பார்ப்பார்களா? பிறகு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு துண்டில் எழுதுவார். பளபளப்பு, மங்கல், வெள்ளி, இந்த மூன்றில் ஒன்று. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

வெள்ளிக் கடதாசி என்று நாங்கள் சொன்னது, பெட்டியில் மெட்டாலிக் என்று அச்சடித்து வரும் கடதாசியை. கொழும்பு வியாபாரி ஒருவர் அவருக்கு மூன்று வகை மாதிரி அனுப்பியிருந்தார். ஒன்று சிப்பியின் உட்புறம் போல மெல்ல மினுங்கும். இன்னொன்று சுத்தத் தகரம். அதில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் அலுமினியச் சட்டை போட்டவர்கள் ஆனார்கள். மூன்றாவது மை குடிக்காது. காலையில் அடித்த படத்தை மாலையில் தொட்டால் மூக்கு விரலோடு வந்துவிடும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மாசம் கடையைப் பாதி சாத்திவிட்டு ஆராய்ச்சி செய்தார். ஜன்னல் வெளிச்சத்தில், டியூப் லைட்டில், மெழுகுவத்தியில், குப்பி விளக்கில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். பாஸ்போட் படத்துக்கு வந்தவர்கள் அந்த மாசம் முழுக்கப் படியேறி, படியிறங்கிப் போனார்கள். கடைசியில் சிப்பி மினுக்கம் வென்றது. மழைக்காலத்துப் பனியில் அது சுருண்டுபோகாமல் இருக்க ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே சின்னப் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில்கூட அவ்வளவு கதகதப்பு இருந்ததில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஸ்டூடியோவில் அந்த அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "அவவுக்கு ஏத்த கடதாசி இன்னும் வரேல்லை" என்பார். அது பாராட்டா பழியா என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை.

ஒருமுறை தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கூட்டத்தில் வைக்க மறைந்த பெரியவர் ஒருவரின் பெரிய படம் வேண்டுமாம். ஐயா முதலில் மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே போய் மேடைக்கு எதிரே நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். ஒரு தரம் முன்னால் உட்கார்ந்தார், ஒரு தரம் பின்னால். பிறகு "வெள்ளி" என்று துண்டு எழுதினார். கூட்டத்தன்று மேடை லைட்டைப் போட்டதும் முன்வரிசைக் கதிரைகளில் இருந்த தலைவர்களுக்குப் பெரியவரின் முகமே தெரியவில்லை. மாலைக்கு நடுவே ஒரே வெளிச்சம்தான் தெரிந்தது. நிலத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த தொழிலாளிகளுக்கு மட்டும் கண் இமை முதல் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் சண்டைக்கு வந்தவர்களிடம் ஐயா பொறுமையாகத்தான் சொன்னார்.

"கொஞ்சம் கீழ இறங்கி இருந்து பாத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவர் வெளிச்சத்தின் கோணத்தைச் சொன்னார். அவர்கள் வேறு எதையோ எடுத்துக்கொண்டு, அதன்பிறகு அந்தப் படியில் ஏறவில்லை.

வெள்ளிக் கடதாசிக்குத் தோட்டங்களில் பேர் வந்ததற்குக் காரணம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கங்காணி ஒருவருடைய மகள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம். சரிகைச் சேலை கட்டிவந்திருந்தாள். ஐயா வெள்ளி எழுதினார். படம் போன பதினைந்தாம் நாள் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் நகைக்கடை வேலை. அவ்வளவுதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் ஒரே பேச்சு. வெள்ளிப் பேப்பர்ல படம் போட்டா மாப்பிள்ளை தேடி வருவானாம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை ஏக்கர் சீதனக் காணி இருந்ததை யாரும் பேசவில்லை. காணி எல்லாராலும் கொடுக்க முடியாது. பேப்பர் என்றால் பதுளைக்கு பஸ் ஏறினால் போதும்.

அடுத்த இரண்டு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரிப் படியில் வரிசை நின்றது. தாய்மாரும், பவுடர் பூசிய பெண்களும், குடைக்குள் சுருட்டிப் பிடித்த சேலைகளும். ஐயா ஒவ்வொருவராகப் பார்த்து மங்கல், மங்கல், பளபளப்பு என்று எழுதித் தள்ளினார். அழுதவர்களுக்கும் அதேதான்.

"வெள்ளி சீலைக்குத்தான் குடுத்தனான், பிள்ளைக்கில்லை" என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஆள் பார்த்துக் கொடுக்கிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் என் அம்மாவும் நின்றார். பக்கத்தில் நான். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. என்னை மூன்று வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தடவையும் வடை, கேசரி, வாடகைக் கதிரை. எனக்குச் சின்ன வயதில் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து இடது புருவம் பிளந்த தழும்பு உண்டு. புருவத்தைக் குறுக்கே வெட்டி நெற்றிக்கு ஏறும். முதலில் அனுப்பிய படத்தில், வேறொரு கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார். படத்தைப் பார்த்து வந்தவர்கள் நேரில் பார்த்ததும் வடையை முடித்துவிட்டுக் குறிப்புப் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். பொருந்தாத குறிப்போடு எதற்கு இரண்டாம் தடவையும் சட்னி கேட்டார்கள் என்று எனக்கு இன்னும் கோபம்.

ஐயா என் முகத்தை வலமும் இடமும் திருப்பினார்.

"மங்கல்" என்றார்.

"ஐயா, வெள்ளியில போட்டா புள்ள கொஞ்சம் வெளுப்பா தெரியும்னு சொல்றாங்களே" என்றார் அம்மா.

"வெள்ளியில போட்டா இந்தத் தழும்புதான் முதல்ல தெரியும். மினுங்கிற இடம் இன்னும் மினுங்கும். மங்கலில போட்டா அமர்ந்துபோகும். தழும்பை நான் அழிக்கமாட்டன், அது முகத்தில உள்ளது. ஆனா கடதாசி அதைக் காட்டிக் குடுக்கத் தேவையில்லை."

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. அப்போது திறந்தேன்.

"அப்ப வெள்ளியிலேயே போடுங்க ஐயா."

"விசரே உமக்கு? படத்தைக் கண்டவுடன ஓடிடுவினம்."

"ஓடுறவங்க படத்தப் பாத்தே ஓடட்டுங்க. வீட்டுக்கு வந்து வடையத் தின்னுட்டு ஓட வேணாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஐயா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவர் எழுதிய துண்டை அதற்கு முன்பு யாரும் மாற்றியதில்லை. கடைசியில் மங்கலை வெட்டி வெள்ளி என்று எழுதி, அடியில் "நோயாளியின் விருப்பத்தின் பேரில்" என்றும் எழுதினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல் கேளாமல், பாதியில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அப்படித்தான் எழுதுவார்களாம்.

படம் வந்தது. அவர் சொன்னது சரி. தழும்பு கத்தி போல மின்னியது. மற்றப்படி, யாரோ ஒரு பெரிய வீட்டுப் பெண் மாதிரி இருந்தேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தரகர் அதைத் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை அங்கே தேயிலைத் தொழிற்சாலையில், தூளின் பதம் பார்க்கும் டீமேக்கருக்கு உதவியாள். முறைப்படி அவர் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மங்கல் கடதாசி. நிறையத் தலைமுடி, நெற்றியில் ஒரு சுருள், இழுத்துப் பிடித்த மூச்சு. அந்தப் பிடித்த மூச்சுக்குள் கண் மட்டும் பயந்துபோய், ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தது. எனக்கு அந்தக் கண்ணைப் பிடித்திருந்தது. மற்ற மூவரின் படங்களை நான் இரண்டாம் தடவை பார்த்ததில்லை. இதை என் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த மனிதர் எனக்கு வேண்டும் என்று முதல்தடவையாக நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். படத்தை வைத்துக்கொண்டால் சம்மதம், திருப்பி அனுப்பினால் வேண்டாம். வாயால் யாரும் யாரையும் நோகடிக்கத் தேவையில்லை. ஒரு மாசமாக என் படம் திரும்பி வரவில்லை. நான் தபால்காரரைக் காணும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்தச் சமயம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படங்களை எடுக்க ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். ஐயா படங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். நல்ல சேலை, கையில் பை. "கொஞ்சம் நகருங்கம்மா" என்று என்னைத் தள்ளிவிட்டு மேசைக்கு வந்து பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். என் படம்.

"ஏங்க, இது நீங்க அடிச்ச படந்தானுங்களே? தெமோதரைலருந்து வாரேன். மகனுக்கு வந்த பொண்ணு படம். பாருங்க, புருவத்துக்கிட்ட கீறல் விழுந்திருக்கு. துணியால தொடச்சுப் பாத்தேன், எச்சி தொட்டும் தொடச்சேன், போக மாட்டேங்குது. பொண்ணு லட்சணமா இருக்கு. சொந்தக்காரங்களுக்குக் காட்டணும். வேற ஒன்னு நல்லதா அடிச்சுக் குடுங்க."

என் வருங்கால மாமியார் என் தோளை இடித்துக்கொண்டு நிற்கிறார், கையில் என் படம், என்னைத் தெரியவில்லை. வெள்ளிக் கடதாசியின் சிறப்பு அது. நான் ஐயாவைப் பார்த்தேன். பேசாமல் இருங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். நேரம் வரும்போது நானே சொல்லிக்கொள்வேன், இப்போது வேண்டாம்.

ஆனால் ஐயாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். கீறல்.

"அம்மா, என்ர கடதாசியில கீறல் விழாது" என்றார். முகம் சிவந்துவிட்டது. "பெட்டியில இருந்து எடுக்கேக்கை கையுறை போட்டுத்தான் எடுக்கிறனான்."

"பின்ன இது என்னங்க?"

"பிள்ளை, ஒருக்கா இஞ்சால வாரும்."

நான் அசையவில்லை. அவரே வந்து என் முழங்கையைப் பிடித்து விளக்குப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுவிட்சைப் போட்டார். என் முகத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்தார்.

"இப்ப பாருங்கோ. இது தழும்பு. பிள்ளையில உள்ளது. கடதாசி சுத்தம்."

அந்த அம்மா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க. பேப்பர் நல்ல பேப்பர்தான்" என்று சொல்லிவிட்டு, படத்தை மேசையில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

தன் கடதாசியின் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுஷன் என் மானத்தை வாங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அவருக்கோ எதுவும் விளங்கவில்லை. படத்தில் இருந்த எச்சில் அடையாளத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

திருப்பிக் கொடுத்தாயிற்று. நானும் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கைப்பையைத் திறந்து மாப்பிள்ளையின் படத்தை மேசையில் போட்டேன். தரகர் வந்தால் கொடுத்துவிடச் சொன்னேன். ஐயா எடுத்துப் பார்த்தார்.

"உதுவும் என்ர வேலைதான்" என்றார் பெருமையாக.

"இத ஏன் ஐயா மங்கல்ல போட்டீங்க?"

"அதுக்குக் காரணம் இருக்கு."

என்ன காரணம் என்று கேட்டேன். சொல்லமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் அவரால் பேசாமல் இருக்க முடியாது. கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். ஒரே மனிதருக்கு இரண்டு படம். ஒன்று என் கைப்பையில் இருந்தது. மற்றது எடுத்தபடியே இருந்தது. அதில் நெற்றி தொடங்கிய இடம் தெரிந்தது, முடிந்த இடம் தெரியவில்லை. உச்சந்தலை தாண்டிப் பின்பக்கம் போயிருந்தது.

"வெள்ளியில போட்டா ஒட்டின இடம் காட்டிக் குடுத்திடும். அதான் மங்கல்" என்றார்.

நான் அந்தச் சுருளை உற்றுப் பார்த்தேன். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களைப் பார்த்தேன். பசறைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் நெற்றியிலும் அதே சுருள். ஹாலிஎலக்காரர் ஒருவர் நெற்றியிலும் அதே. எனக்குத் தெரிந்த சுருள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் எண்ணெய் தொட்டுச் சுருட்டிவிடுவான். போன வருஷம் வெளிநாடு போகுமுன் பாஸ்போட்டுக்கு இங்கேதான் படம் எடுத்தான்.

"ஐயா, இது என் தம்பி முடி."

"ஓம். நல்ல தலைமயிர். உப்பிடி ஒண்டு இஞ்சால ஒருத்தருக்கும் இல்லை."

"பொய் போடமாட்டேன்னு சொல்வீங்களே?"

"முகத்தில நான் கை வைக்கிறேல்லை. தலைமயிர் உடுப்பு மாதிரி. ஸ்டூடியோவில கோட்டு இரவல் குடுக்கிறேல்லையோ? அது மாதிரி."

"பொம்பளைக்கு இருந்தா அது முகம். ஆம்பளைக்கு இருந்தா அது உடுப்பா?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மொட்டைப் படத்த வெள்ளியில போடுங்க."

"வேண்டாம் பிள்ளை. மொட்டைக்கு வெள்ளி கூடாது. பல்பு எரிஞ்ச மாதிரி வரும்."

"எரியட்டுங்க."

அடித்துக் கொடுத்தார். துண்டு எழுதவில்லை. நான் அதைத் தரகரிடம் கொடுத்து, "மாப்பிள்ளை படம் மாறி வந்திருச்சு, சரியான படம் இதுதான்னு அவங்க அம்மாகிட்ட குடுத்துருங்க" என்று அனுப்பினேன். அந்த அம்மாவும் ஒரு தடவை தலையைக் குனியட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம் இல்லைதான். வயிற்றெரிச்சல்.

இரண்டு வாரத்தில் தரகர் ஸ்டூடியோவுக்குச் சிரித்த முகத்தோடு வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்குப் படம் அவ்வளவு பிடித்துவிட்டதாம். மகன் மந்திரி மாதிரி இருக்கிறானாம். இன்னும் ஆறு கொப்பி வேண்டுமாம், வேறு பெண்கள் வீடுகளுக்கு அனுப்ப.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது ஐயா எழுந்து நின்று இதைச் சொன்னார். பிறகு, "என்ன பிள்ளை செய்யிறது? குடுக்கட்டே?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனியவைக்க அனுப்பிய படம், அங்கே கிரீடமாகியிருந்தது. ஆம்பிளைக்கு மொட்டை ஒரு குறையா என்று ஊர் கேட்கும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். படிப்பித்த படிப்பு எங்கே போயிற்றோ.

"ஆறு பத்தாதுங்க. பன்னிரண்டாக் குடுங்க. எல்லாப் பொண்ணுங்களும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்றைக்கே ஐயா என் தம்பியின் தலைமுடியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். விஷயம் பரவியதும் தரகர்கள் மூன்று பேர் சேர்ந்து படியேறினார்கள். மாப்பிள்ளைமாருக்கு இருந்த ஒரே ஆதரவைப் பறித்துவிட்டீர்களே என்று நியாயம் கேட்டார்கள். ஐயா அசையவில்லை. மாப்பிள்ளைகள் எல்லாம் கீழ்த்தெருவில் புதிதாக வந்த கடைக்கு மாறினார்கள். அங்கே கேட்ட கடதாசியில் கேட்ட முடி கிடைத்தது. ஐயாவின் கடையில் ஞாயிற்றுக்கிழமை வரிசை இல்லாமல் போயிற்று. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தகரப் பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டு படமும் பசறை, பண்டாரவளை, பெரகல வரைக்கும் போயின. அதுவரை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மாப்பிள்ளை படம் என்றால் யாரோ தூரத்தில் காட்டிவிட்டு எடுத்துப் போகிற ஒன்று. மங்கலில், பாதி இருட்டில், இரவல் முடியோடு இருக்கும். இப்போது முதல்தடவையாக ஒரு ஆம்பிளையின் தலை வெள்ளிக் கடதாசியில், அணு அணுவாகத் தெரிய, கைக்கு வந்தது. ஆற அமரப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று வந்தன. பன்னிரண்டாவதை அனுப்பிய வீட்டில் குழந்தை கடித்துவிட்டதாம், மன்னிப்புக் கேட்டுத் துண்டோடு வந்தது.

படங்கள் போன ஐந்தாம் மாசம் ஒரு புதன்கிழமை. நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் தன் கைபேசியோடு வந்து, "டீச்சர், பதுளைலருந்து யாரோ ஒரு ஐயா" என்று நீட்டினார்.

"பிள்ளை, நான்தான். தெமோதரை ஆக்கள் வந்திருக்கினம். தாயும் மகனும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தாய்க்காரி எல்லாப் படத்தையும் கொண்டுவந்து கொட்டிட்டா. இந்தப் பேப்பர் ராசியில்லாத பேப்பராம். பழையபடி முடியோட மங்கலில போட்டுத் தரட்டாம். முடி முடிஞ்சுது எண்டு சொன்னன்."

"அதுக்கு எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க?"

"அதில்லைப் பிள்ளை. பிறகு மகன்தான் கேட்டவர். அண்டைக்கு அந்தப் புருவத்தில கோடு இருந்த பிள்ளையின்ர படம் இருக்கோ எண்டு. அவர் அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லவே இல்லையாம். தாய் தன்ர பாட்டில கொண்டுவந்ததாம்."

வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படம் இருக்கு, ஆனா பிள்ளையிட்டக் கேட்டுத்தான் தருவன் எண்டு சொன்னன். என்ன சொல்லட்டும்? குடுக்கட்டே, விடட்டே? ஆள் நேர பாக்க நல்லாத்தான் இருக்கிறார். தொப்பி போட்டுக்கொண்டு வரேல்லை."

இருபத்தெட்டு வருஷம் யாரையும் கேட்காமல் இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ என்று சொன்ன மனிதர். தொலைபேசியின் அந்தப் பக்கம் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

"ரெண்டு பேரையும் உக்காரச் சொல்லுங்க ஐயா. பள்ளிக்கூடம் விட்டதும் வாரேன்."

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டது. முகம் கழுவி, புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டு சந்திக்கு வந்தேன். இரண்டு மணி பஸ் வந்து நின்றது. ஜன்னல் பக்கம் இடமும் இருந்தது.

"டீச்சர், ஏறலீங்களா?" என்றார் கண்டக்டர்.

"அடுத்ததுல வாரேன், நீங்க போங்க."

அடுத்த பஸ் மூன்றரைக்கு. மதகுக் கட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சோற்றுப் பார்சலைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை என் மாமியார் இன்றுவரை மன்னிக்கவில்லை.